கடல்காரன் கமியோன்

பனித்திட்டு
9-7-1974

மாமாவுக்கு தையலம்மாள் எழுதுவது.

போர்ட் பிளேயர் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் போட்ட கார்டு வந்தது. கடல் சத்தமே காதில் விழக்கூடாது என்று சொல்லிவிட்டு, நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊராகப் பார்த்துப் போன ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். பக்கத்து வீட்டு அமிர்தம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மீன் கூடையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதேன். உங்கள் தம்பி சம்மந்தம் போன படகில் தண்ணீர் ஏறி அவன் திரும்பி வராமல் போன பிறகு நீங்கள் ராத்திரியில் கண்ணை மூடவில்லை என்பது எனக்குத் தெரியாததா? அதனால் போனது தப்பு என்று எழுதவில்லை. சீக்கிரம் வந்தால் நல்லது என்று மட்டும் எழுதுகிறேன்.

வண்டி ஓடுகிறது. நாகமுத்துதான் ஓட்டுகிறான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, பொறுப்பாகவே ஓட்டுகிறான். வலை இழுத்ததும் இங்கே ஏற்றி, மணப்பட்டில் நின்று அங்கத்திய கூடைகளையும் ஏற்றி, மீன் விற்கப் போகிற எங்களையும் மீனோடு மீனாக அடைத்துக்கொண்டு பாகூர், வில்லியனூர் என்று இறக்கிவிட்டு வருகிறான். ஊரில் இன்னும் கமியோன் என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி இத்தனை வருஷம் ஆகியும் அவன் வார்த்தையும் அவன் வண்டியும் நம் தலையில்தான்.

ஆனால் துரு பிடிக்கிறது மாமா. போன வாரம் அமிர்தம் ஏறும்போது பின்பலகை ஓரத்தில் தகரம் உள்வாங்கி, அவள் கால் கெண்டைச்சதை வரைக்கும் இறங்கிவிட்டது. கீழே ரோடு தெரிகிறது. “ஏன்டி, இன்னா வண்டி வச்சிருக்க? உள்ள குந்திக்கினே நான் நடந்து வரணுமா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழேயும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. நகத்தால் கீறினால் உதிர்கிறது.

டிசம்பரில் எஃப்.சி. காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஓட லாயக்கு என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் வண்டி ரோட்டுக்குப் போகலாம். நம் ஊர்க் கட்டும் நீங்கள் அறிந்ததுதான். ஆம்பிளையாகப் பிறந்தவன் பெரிய வலைக்குப் படகேற வேண்டும், இல்லாவிட்டால் வலை மீனை ஊர் தாண்டிக் கொண்டுபோகிறவனாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமும் இல்லை, பேச வாயும் இல்லை. நீங்கள் படகேற மாட்டீர்கள். ஏறச் சொல்லி நானும் கேட்க மாட்டேன். அப்படியென்றால் வண்டி இருந்தால்தான் நீங்கள் ஊரில் இருக்க முடியும். பொங்கலுக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதை நம்பித்தான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

ஆகையால் துருவுக்கு மருந்து எழுதுங்கள். உங்கள் உடம்பைப் பற்றியும் ரெண்டு வரி எழுதுங்கள். வண்டிக்கு எழுதுவதில் பாதி எழுதினால் போதும்.

தையலம்மாள்


போர்ட் பிளேயர்
2-8-1974

அன்புள்ள தையலுக்கு,

நலம். இங்கே ரோடு போடுகிற இடத்தில் லாரி ஓட்டுகிறேன். மலையை உடைத்த கல்லை ஏற்றுகிறேன், இறக்குகிறேன், மறுபடி ஏற்றுகிறேன். மழை விடுவதில்லை. தங்கியிருக்கும் கொட்டகையில் கடலைப் பார்த்த பக்கம் ஜன்னல் இல்லாத மூலையாகக் கேட்டு வாங்கிப் பாய் போட்டிருக்கிறேன். அமிர்தம் சிரிக்கட்டும்.

நிற்க. துரு என்பது வியாதி அல்ல, அசட்டை. நான் இருந்தவரைக்கும் வராதது நான் கிளம்பின பிறகு வருகிறது என்றால் யாருடைய அசட்டை என்று நான் எழுத வேண்டியதில்லை. உன் தம்பி வண்டியை எங்கே நிறுத்துகிறான்? கடலைப் பார்த்து நிறுத்துகிறான், அப்படித்தானே? உப்புக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். கோயிலுக்குப் பின்னால் புன்னை மரத்தடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தச் சொல்.

பின்தட்டில் போட்டிருக்கும் சாக்குகளை இன்றைக்கே எடுத்துவிடு. ஐஸ் உருகின தண்ணீரில் உப்பும் மீன் ரத்தமும் இருக்கிறது. சாக்கு அதைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தகரத்துக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் பனஞ்சட்டம் அடித்து மேலே கூடைகளை வை, கீழே காற்று ஓடும். தினமும் மீன் இறக்கினதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அது கடலுக்குத் தங்கச்சி. திரும்பும் வழியில் பாகூர்ப் பக்கம் ஏதாவது பம்பு செட்டில் நிறுத்திக் கழுவி வரட்டும். உள்ளே மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் போகும்படி ஊற்றிக் கழுவ வேண்டும்.

துரு எழும்பின இடத்தில் மேலோடு பெயிண்ட் அடிக்கக் கூடாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று தகரம் தெரிகிற வரைக்கும் உப்புத்தாள் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நல்ல வெயிலில் காய்ந்த பிறகு ரெட் ஆக்ஸைடு ஒரு கை அடி. அது காய்ந்து இன்னொரு கை. அதற்குப் பிறகுதான் நீலப் பெயிண்ட். ஓட்டை விழுந்த இடத்துக்குத் தகரம் வைத்து ஒட்டுப் போட வேண்டும். இன்ஜினில் மாற்றுகிற பழைய ஆயிலைக் கொட்டிவிடாமல் மட்கார்டின் உள்பக்கம் பூசச் சொல்.

அடியில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எங்கள் அப்பா படகுக்குப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறேன். ரோட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது. உனக்கே தெரியும்.

எஃப்.சி. பாஸானால் பொங்கலுக்கு வருவேன். பாஸாகாவிட்டால் வந்து என்ன செய்யப் போகிறேன்? அதனால் கவனமாக இரு.

இப்படிக்கு
சிங்காரவேலு


பனித்திட்டு
1-9-1974

மாமாவுக்கு,

உடம்பைப் பற்றி ரெண்டு வரி கேட்டேன். “நலம்” என்று ஒரு வார்த்தை வந்தது. வண்டிக்கு மூன்று பக்கம். சரி, வண்டிக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

சொன்னதெல்லாம் செய்தாயிற்று. சாக்குகளை எடுத்துக் கொளுத்தினோம், அந்த நாற்றத்துக்குக் காக்கைகூட வரவில்லை. பனஞ்சட்டத்தை நாகமுத்து அடித்தான். புன்னை மரத்தடியில்தான் நிற்கிறது. உப்பு ஆகாது ஆகாது என்று எழுதிவிட்டு உப்புத்தாள் வாங்கச் சொன்னது எந்த ஊர் நியாயம் என்று கடைக்காரரிடமே கேட்டுவிட்டு வாங்கினேன். தேய்த்தது எல்லாம் நான்தான். நாகமுத்து வண்டி ஓட்டிவிட்டு வந்து தூங்க வேண்டாமா? வெயில் சாய்கிற வரைக்கும் குந்திக்கொண்டு தேய்த்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. ரெட் ஆக்ஸைடு நகக்கண்ணில் ஏறி, எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. அமிர்தம் பார்த்துவிட்டு, “புருசனுக்குக்கூட நீ இப்படி எண்ண தேச்சி வுட்டிருக்க மாட்ட” என்றாள். “அந்த ஆளு குந்தினா இல்ல தேச்சி வுடறதுக்கு” என்றேன்.

ஓட்டைக்கு வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்துப் பட்டறையில் ஒட்டுப் போட்டோம். சூசைநாதன் என்று ஒரு டிங்கர். கேஸ் பற்றவைப்பதற்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார். எதற்கு என்று கேட்டால், “எனக்கு இல்லம்மா, உன் பெட்ரோல் டேங்குக்கு” என்கிறார். பின்தட்டில் மட்டும் ஒட்டுப் போட்டார். நீலப் பெயிண்ட் அடித்து வண்டி இப்போது கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. மணப்பட்டுக்காரர்கள் புது வண்டியா என்று கேட்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும். பம்பு செட்டில் கழுவ ஆரம்பித்ததிலிருந்து வளைவில் திரும்பும்போது வண்டிக்குள் சலக் என்று ஒரு சத்தம் கேட்கிறது. பிரேக் போட்டால் முன்னால் ஓடுகிறது, கிளம்பினால் பின்னால் ஓடுகிறது. குடத்துத் தண்ணீர் அலம்புகிற மாதிரியே இருக்கிறது. அமிர்தம், “உன் வண்டி முழுகாம இருக்குதுடி, வூட்டுக்கு ஒரு தொட்டில் கட்டு” என்று சொன்னாள். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பாவம், அவள் கெட்டதாகச் சொல்லவில்லை.

நாகமுத்து, “அக்கா, அடியில இன்னான்னு ஒருக்கா பார்த்துடலாம்” என்கிறான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அடியில் படுத்து, படகுக்கு அடைக்கிற மாதிரி ஒவ்வொரு ஓட்டையாக நார் திணித்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசியபோது லாந்தர் பிடித்தவள் நான்தானே. அதைப் போய்ப் பிரிப்பானேன்? இருந்தாலும் அது என்ன சத்தம் என்று எழுதுங்கள்.

உடம்பு எப்படி?

தையலம்மாள்


போர்ட் பிளேயர்
28-9-1974

அன்புள்ள தையலுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இங்கே அரிசி மட்டம், மீன் நிறைய. நான் மீன் சாப்பிடுவதில்லை. சம்மந்தம் போனதிலிருந்து தொண்டையில் இறங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் கை உரிந்தது என்று எழுதியதை இரண்டு தரம் படித்தேன். தேங்காயெண்ணெய் தடவு. ரெட் ஆக்ஸைடு மண்ணெண்ணெயில் போகும், ஆனால் புண் இருந்தால் தொடாதே.

நிற்க. சலக் என்று கேட்பது பெட்ரோல் டேங்க். பாதி டேங்க் இருந்தால் எந்த வண்டியும் அலம்பத்தான் செய்யும். நாகமுத்துவுக்குப் பெட்ரோல் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் தெரியவில்லை என்றால் அவன் காதைக் கொண்டுபோய் சூசைநாதனிடம் காட்டு, ஒட்டுப் போடட்டும்.

அவன் அடியைப் பிரிக்க வேண்டும் என்று சொல்வதன் அர்த்தம் எனக்குப் புரிகிறது. நான் வந்தால் அவன் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் படகேற வேண்டும். வண்டியில் ஏதாவது கோளாறு என்று சொல்லி என்னை வரவிடாமல் பண்ணினால் அவனுக்கு நல்லது. உன் தம்பி என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அவனோ, அந்த டிங்கரோ என் வேலையைப் பிரித்தார்கள் என்று கேள்விப்பட்டால் நான் கப்பலேற மாட்டேன். இதை அவனுக்கே படித்துக் காட்டு.

வண்டி அடியில் எத்தனை ஓட்டை இருந்தது, பார்த்தாய் அல்லவா? பிரெஞ்சுக்காரன் என்ன வண்டி செய்தானோ, வண்டி நீளத்துக்கும் ஓட்டை. ஓட்டையோடு ஒன்றை விட்டுவிட்டு வர என் மனசு கேட்காது. சம்மந்தத்தின் படகில் இருந்ததும் ஒரு விரல் நுழைகிற ஓட்டைதான்.

ஜனவரிக் கப்பலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே துறைமுகத்தில் கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட் ஒரு டப்பா கிடைத்தது. உப்புத் தண்ணீரிலேயே கிடந்தாலும் துரு வராதாம். எடுத்து வருகிறேன். பொங்கலன்றைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, அதை நானே அடிக்கிறேன். நீ தொட வேண்டாம். கை ஆறட்டும்.

இப்படிக்கு
சிங்காரவேலு


பனித்திட்டு
6-12-1974

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாகமுத்துவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவனே எடுத்துப் படித்துவிட்டான். மடித்து வைத்துவிட்டு வண்டி எடுக்கப் போனான். அன்றிலிருந்து அடியைப் பார்க்கலாம் என்ற பேச்சை அவன் எடுக்கவேயில்லை. சத்தம் மட்டும் நாளுக்கு நாள் பெரிதானது. டேங்க் காலியாக இருக்கும்போதும் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கப்பலேற மாட்டேன் என்று எழுதியதால் என் காதை நானே மூடிக்கொண்டேன்.

நாலு நாளைக்கு முன்னால் எஃப்.சி.க்குக் கொண்டுபோனோம். மழை விட்டிருந்தது. நானும் கூடப் போனேன். நான் தேய்த்த வண்டி, பாஸாகிறதை நான் பார்க்க வேண்டாமா? பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். ஒரு சுற்று சுற்றி வந்து, “பழைய வண்டிதான், ஆனா நல்லா வச்சிருக்கீங்க” என்றார். எனக்கு அங்கேயே உங்களுக்குத் தந்தி அடிக்க வேண்டும் போல் இருந்தது. பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், ஹாரன் அடித்தார். கடைசியில் சின்னச் சுத்தி ஒன்றை எடுத்து, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் பெட்டி மாதிரி ஓடுகிறதே, வண்டியையே தாங்குகிறது அதுதானாம், அதை டக் டக்கென்று தட்டிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு இடத்தில் டக் என்ற சத்தம் வரவில்லை. சுத்தி உள்ளே போய்விட்டது. இழுத்ததும் தண்ணீர் கொட்டியது மாமா. கறுப்புத் தண்ணீர். கொட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஆடி மாசத்தில் கொண்டுபோன மீனின் நாற்றமெல்லாம் அதில் இருந்தது. அவர் செருப்பை உதறிக்கொண்டு தள்ளி நின்று, “ஏம்மா, இதுலயா பொம்பளைங்கள ஏத்திக்கினு போற?” என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அங்கிருந்து மெல்ல ஓட்டிக்கொண்டு சூசைநாதன் பட்டறைக்குப் போனோம். அவர் அடியில் படுத்து, ஒரு ஆணியை வைத்து எதையோ நோண்டி நோண்டி எடுத்து வெளியே எறிந்தார். கறுத்துக் கெட்டியான நார் உருண்டை. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எழுந்து வந்து என்னைத்தான் பார்த்தார்.

“ஏம்மா, இத யாரு அடச்சது? இது ஒடஞ்ச ஓட்ட இல்லம்மா. வண்டி செய்றப்பவே வுட்டது. உள்ள எறங்கின தண்ணி வடியறதுக்கு. படகுல தண்ணி உள்ள வரக்கூடாது, அது சரி. வண்டியில எப்பிடியும் வரும், வந்தது வெளிய போவணும். வண்டி இன்னா படகா?”

“தினமும் நல்ல தண்ணியில கழுவினோமே” என்றேன்.

“கழுவக் கழுவ உள்ள ஊத்தி வச்சிக்கினு வந்திருக்கீங்க. மேல பெயிண்டு ஜோரா இருக்குது. உள்ள இருக்கறது தகரம் இல்ல, பொரிமாவு.”

ஒட்டுப் போட முடியாதா என்று கேட்டேன். “ஒட்டறதுக்கும் பக்கத்துல நல்ல தகரம் வேணும் இல்ல? எதுல புடிச்சி ஒட்டுவேன்?” என்றார். கேஸ் பற்றவைக்கவேயில்லை. சிலுவையும் போட்டுக்கொள்ளவில்லை.

யார் அடைத்தது என்று அவர் மறுபடி கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நாகமுத்து ஒரு உருண்டையைக் கையில் எடுத்து மோந்து பார்த்தான். குங்கிலிய வாசனை கடல்காரனுக்குத் தெரியாமல் போகுமா? “போலாம் வா அக்கா” என்றான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவனோடு சண்டை போட்டிருப்பேன், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஊரில் யாருக்கும் தெரியாது. ஐஸ் தண்ணீர் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அமிர்தத்திடம்கூட அப்படித்தான்.

மாமா, நீ அடைத்தாய். நான் லாந்தர் பிடித்துக்கொண்டு, இங்கே ஒன்று இருக்கிறது, அங்கே ஒன்றை விட்டுவிட்டாய் என்று காட்டிக் காட்டிக் கொடுத்தேன். ஒன்று விடாமல் காட்டினேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை அத்தனை சுத்தமாக என்றைக்கும் செய்ததில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, நாகமுத்துவை அப்படி எழுதினதுக்குத்தான். வண்டிக்காக இல்லை.

வண்டி போய்விட்டது. நீ வா. வண்டி இல்லாமலே வா. ஊர்க்கூட்டத்தில் இடம் இல்லாவிட்டால் போகிறது, வீட்டில் இடம் இருக்கிறது. எவன் என்ன பேசினாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது. பொங்கலுக்கு வா.

தையலம்மாள்


போர்ட் பிளேயர்
20-1-1975

தையலுக்கு,

பொங்கல் முடிந்துவிட்டது. கப்பலும் போய்விட்டது. நான் ஏறவில்லை.

உன் கடிதத்தை முதலில் நம்பவில்லை. அந்த டிங்கர் வேலை தெரியாதவன், உன்னை ஏமாற்றுகிறான் என்று எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதிவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று இங்கே நான் ஓட்டுகிற லாரிக்கு அடியில் போய்ப் படுத்தேன். அதிலும் ஓட்டை இருக்கிறது. நீளத்துக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அது சொட்டுவதைப் பார்த்து, கவனிக்க ஆள் இல்லாத லாரி, பாழாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் சொட்டுகிற வரைக்கும் அங்கேயே படுத்திருந்தேன்.

நாகமுத்துவிடம் சொல். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வண்டி இல்லாமல் வா என்கிறாய். வந்தால் காலையில் எழுந்து எங்கே போவேன்? எல்லாரும் படகைத் தள்ளிக்கொண்டு போன பிறகு கரையில் நிற்கிற ஒரே ஆம்பிளை நானாக இருப்பேன். சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்கள். படகு வந்ததும் பெண்களுக்குக் கூடையைத் தலைக்குத் தூக்கி வைக்கிற வேலையா செய்வேன்? நீ பதில் சொல்லிக்கொள்வாய். உனக்கு வாய் இருக்கிறது. நீ எனக்காக ஒவ்வொருத்தனிடமும் சண்டை போடுவதை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் முடியாது.

இங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. கடல்காரன் என்றும் தெரியாது, கடலுக்குப் பயந்தவன் என்றும் தெரியாது. மலைப்பக்கம் இன்னும் உள்ளே ரோடு போடப் போகிறார்கள். அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எத்தனை வருஷம் என்று கேட்காதே.

பெயிண்ட் டப்பாவை மணப்பட்டு ஆள் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வைத்திருந்து எனக்கு என்ன? யாருக்காவது உதவும்.

உன்னைப் பிடிக்காமல் இல்லை தையல். தினமும் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். இனி எழுதுவதற்குத் துருவும் இல்லை.

சிங்காரவேலு


பனித்திட்டு
17-3-1975

மாமாவுக்கு தையலம்மாள் எழுதுவது.

போன கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு சங்கதி இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

வண்டியைப் பழைய இரும்புக்காரர் வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனார். புன்னை மரத்தடியிலேயே வைத்து வெட்டினார். இன்ஜின் கடைசி வரைக்கும் ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆனது, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நாகமுத்து படகேறிவிட்டான். வண்டி ஓட்டுகிறவன் இல்லை என்று ஆனதும் ஊர்க்கூட்டத்தில் அவன் பேரைச் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தான். இப்போது எடுப்பதில்லை. அவன் திரும்பி வருகிற வரைக்கும் நான் கரையில் நிற்கிறேன். உங்கள் தம்பிக்கு நீங்கள் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

பெயிண்ட் டப்பா வந்தது. மணப்பட்டுக்காரர் கோபமாகக் கொண்டுவந்து வைத்தார். கப்பலில் ஈரத்தில் கிடந்து டப்பாவின் அடி துருப்பிடித்து ஓட்டையாகி, பாதிப் பெயிண்ட் அவர் பெட்டிக்குள் ஒழுகி, வேட்டி சட்டை எல்லாம் பாழ். உப்புத் தண்ணீரிலேயே கிடந்தாலும் துரு வராது என்று எழுதினீர்களே, பெயிண்டுக்கு வராது போலிருக்கிறது, டப்பாவுக்கு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அமிர்தம் பயந்துபோய் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மிச்சப் பெயிண்டை நாகமுத்து படகின் முகப்பில் அடித்தான்.

நாங்கள் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டோம். பாகூர் வரைக்கும்தான், வில்லியனூர் நடக்கிற தூரமா? கமியோனில் போய்ப் பழகின கால், அமிர்தத்தின் வேகத்துக்கு வரவில்லை. முதலில் நின்று நின்று பார்த்தாள். மீன் கெட்டுவிடும், நீ போடி என்று நான்தான் அனுப்பிவிட்டேன். பாதி வழியில் சவுக்குத் தோப்பு ஓரமாகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்காருகிறேன். இறக்குவது சுலபம்.

கூடையைத் தலைக்குத் தூக்கி வைக்கிற வேலையா செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். நிறைந்த கூடையை ஒருத்தியாகத் தலைக்கு ஏற்ற முடியாது மாமா. முட்டி வரைக்கும் தூக்கலாம், அதற்கு மேல் இன்னொருத்தர் கை வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஊர்க்கூட்டத்தில் இடம் பிடிக்கக் கூப்பிடவில்லை.

ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். சில நாள் மாட்டுக்காரன் வருவான். சில நாள் வெயில் ஏறுகிற வரைக்கும் யாரும் வருவதில்லை. இன்றைக்குத் தபால்காரர் வந்தார். “உங்க வூட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்று தூரத்திலேயே கையை ஆட்டினார். அதற்கு இல்லை என்று கூடையைக் காட்டினேன். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

தையலம்மாள்